மெக்கானிக் பாதி, ஆசாரி பாதி

கார் வைத்திருப்பவருக்கு ஒரு மெக்கானிக் தேவை. நம்மவருக்கு ஓர் ஆசாரியும் தேவை. இரண்டு பேருக்கும் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பதால் இரண்டு தொழிலையும் அவரே கற்றுக்கொண்டுவிட்டார்.

நம்மவர் என்று நான்தான் உறவு கொண்டாடுகிறேன்; ஆள் ஆங்கிலேயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலாந்தின் சிற்றூர்களில் இந்த ரகத்தாரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். முழங்கையில் கிரீஸ், முழங்காலில் மரத்தூள், சட்டைப்பையில் மடித்த உப்புத்தாள். பக்கத்தில் மோரிஸ் மைனர் டிராவலர் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளியான கார். வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பிற்காலத்தில் மினி காரைத் தந்த அதே மனிதர். கம்பெனி முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு வண்டியின் முகமே பிடிக்கவில்லை. வெந்நீரில் உடைத்துவிட்ட முட்டை என்று சலித்துக்கொண்டார். அந்த முட்டை பதினாறு லட்சத்துக்கும் மேல் விற்றது. 1953இல் அதற்கு ஒரு ஸ்டேஷன் வேகன் தம்பி பிறந்தான். அவன்தான் டிராவலர். முன்பாதி இரும்பு. பின்பாதியில் கிரிக்கெட் ஸ்டம்ப் செய்கிற அதே ஆஷ் மரத்தில் சட்டம் கோத்து, நடுவில் அலுமினியத் தகடு. பின்னால் பீரோ மாதிரி இரட்டைக் கதவு.

“அழகுக்கு மரம் ஒட்டியிருக்கிறார்களா?” என்று மட்டும் நம்மவரிடம் கேட்டுவிடக் கூடாது. அப்படி ஒட்டியவர்கள் அமெரிக்கர்கள். ஃபோர்டு கன்ட்ரி ஸ்குயர் 1950களிலேயே இரும்புத் தகட்டின் மேல் மரப்படம் ஒட்டிக்கொண்டு ஊரை ஏமாற்றக் கிளம்பிவிட்டது. டிராவலரில் மரம்தான் எலும்பு. அது உளுத்துப்போனால் கூரைக்கு ஆதாரம் போச்சு. இதை அவர் பெருமையாகச் சொல்லும்போதே கை தன்னையறியாமல் சட்டத்தைத் தடவி, எங்காவது மெத்தென்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்.

மெத்தென்று இருக்கத்தான் செய்யும். இங்கிலாந்து மழை அப்படி. பக்கவாட்டுக் கண்ணாடிகள் நகர்கிற பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், தூசி சேரும், கொஞ்ச நாளில் பாசி பிடிக்கும். மற்றவர்கள் தோட்டத்துக்குப் போய்க் களை பறிப்பார்கள். இவர் காரிலேயே பறிப்பார்.

மரத்துக்கு என்ன பூசுவது என்பதில் இந்தக் கூட்டத்தாரிடையே வார்னிஷ் கட்சி, எண்ணெய்க் கட்சி என்று இரண்டு உண்டு. வார்னிஷ் பளபளக்கும், ஆனால் ஓரிடத்தில் விரிசல் விட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது என்பது எண்ணெய்க் கட்சியின் குற்றச்சாட்டு. எண்ணெய் பூசினால் ஆயுள் முழுக்கப் பூசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வார்னிஷ் கட்சியின் பதிலடி. நம்மவர் இரண்டிலும் இருந்துவிட்டு வந்தவர். ஆகவே இரண்டு தரப்பும் அவரை நம்புவதில்லை.

இது ஆசாரிப் பாதி. மெக்கானிக் பாதியில் முக்கியமான கருவி சுத்தியல். சாவியைத் திருப்பியதும் மின்சாரப் பெட்ரோல் பம்பு டிக் டிக்கென்று அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் இவர் அலட்டிக்கொள்ளாமல் இறங்கி, பானெட்டைத் தூக்கி, பம்பின் மண்டையில் மெல்ல ஒன்று போடுவார். டிக் டிக் தொடங்கிவிடும். சுத்தியலை மறந்து வந்த நாளில் காலணி இருக்கிறது. ஆனால் முன்சக்கரத்து இணைப்புகளுக்கு கிரீஸ் அடிப்பதில் மட்டும் விளையாட்டே கிடையாது. ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை அடிக்காமல் ஏமாற்றினால், ஒரு நாள் சக்கரம் மடிந்து கார் மண்டியிட்டுவிடும்.

ஸ்டேஷன் வேகன் என்பது குடும்பத்தையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு போகப் பிறந்த வண்டி. நம்மவர் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். கருவிப் பெட்டி, உபரிப் பம்பு, ஃபேன் பெல்ட், கிரீஸ் துப்பாக்கி, வார்னிஷ் டப்பா, எண்ணெய் டப்பா, இழுத்துப் போகக் கயிறு. தனக்கு வேண்டிய மருந்தைத் தானே சுமந்துகொண்டு போகிறது. வீட்டுக்கு மளிகை வருவது மனைவியின் சின்ன ஜப்பான் காரில். மரம் நனைந்துவிடும் என்பதால் மழையிலும் அந்தக் கார்தான்.

நாற்பது வயது கடந்த வண்டிகளுக்கு எம்.ஓ.டி. என்கிற வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை என்று 2018இல் அரசாங்கம் சொல்லிவிட்டது. கடைசி டிராவலர் வெளிவந்ததே 1971இல். ஆகவே அத்தனைக்கும் விலக்கு. சட்டம் விட்டாலும் இவர் விடுவதாக இல்லை. வலியப் போய்ச் சோதனைக்கு நிறுத்துவார். சோதிப்பவர் மரச்சட்டத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தும்போது இவருக்கு மூச்சு நின்று திரும்பும்.

பெட்ரோல் பங்குக்குப் போனால் மட்டும் இவர் சீக்கிரம் வீடு திரும்ப முடியாது. யாராவது ஒரு பெண்மணி வந்து, “எங்க பாட்டி இதே மாதிரி ஒண்ணு வெச்சிருந்தாங்க” என்பார்.

“என்ன வருஷத்து வண்டி?”

தெரியாது.

“முன்கண்ணாடி ஒரே கண்ணாடியா, நடுவுல பட்டி வெச்ச ரெண்டா?”

“ஒண்ணுதான்னு நெனைக்கிறேன். திரும்பறப்போ பக்கத்துலேருந்து குட்டியா ஒரு கை நீட்டும். அது நல்லா ஞாபகம் இருக்கு.”

இவர் கண் பளிச்சென்று மின்னும். ஒற்றைக் கண்ணாடி என்றால் 1956 அல்லது அதற்குப் பிறகு. கை நீட்டினால் 1961க்குள். ஆக 948 சிசி எஞ்சின். பாட்டியின் பெயர்கூடத் தெரியாது. பாட்டியின் காருக்கு ஜாதகம் கணித்தாகிவிட்டது. பின்னால் நிற்கிறவர் ஹார்ன் அடிக்க மாட்டார், அவரும் ஆங்கிலேயர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, தன் சித்தப்பாவின் காரைப் பற்றி ஆரம்பிப்பார்.

நம்மூர்க்காரர் யாராவது அகப்பட்டால் உற்சாகம் இரட்டிப்பாகும். சென்னையிலிருந்து போன ஒரு டாக்டர், மரியாதைக்கு “எங்க ஊர் அம்பாசடர் ஞாபகம் வருது” என்று சொல்லிவிட்டால் போதும். அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை, 2014 வரை அதை விடாமல் செய்த புண்ணியவான்கள் நீங்கள் என்று கையைப் பிடித்துக்கொள்வார். “மைனரும் உங்க நாட்டுல பேபி ஹிந்துஸ்தான்னு ஓடிச்சே, ஓட்டியிருக்கீங்களா?” என்பார். டாக்டர் கேள்விப்பட்டதுகூட இல்லை. இலங்கைக்காரர் என்றால் மரியாதை இன்னும் கூடும். அங்கே மோரிஸ் மைனர் இன்றும் தெருவில் ஓடுகிறது என்பது இவருக்குத் தெரியும். கைகுலுக்கிய மறு நிமிஷம் உதிரிபாகம் பற்றி விசாரிப்பார்.

மரம் அடியோடு உளுத்துவிட்டாலும் கவலையில்லை. இரண்டு பக்கச் சட்டமும் கோத்துத் தயாராக விற்கிறார்கள். நம்மவரும் வண்டியின் பின்பாதியைக் கழற்றிவிட்டு, புதுச் சட்டத்துக்குச் சொல்லிவைத்தார். தயாரானதாகத் தகவல் வந்தது. மனைவியின் காரில் அது நுழையாது.

“லாரியில போட்டு அனுப்பச் சொல்லுங்களேன்” என்றார் மனைவி.

“மூலை இடிச்சுடும்.”

“அப்புறம் எதுல கொண்டு வர்றதாம்?”

“இதுக்குன்னே செஞ்ச வண்டி ஒண்ணு இருக்கே.”

“இருக்கு. பின்பக்கம் இல்லாம, கட்டை மேல உட்கார்ந்திருக்கு.”

அந்த வாரமே இன்னொரு டிராவலரை வாங்கிவிட்டார். 1967, டிரஃபால்கர் நீலம். சட்டம் கச்சிதமாக அதற்குள் போய்விட்டது. இரட்டைக் கதவுகூட அலுங்காமல் சாத்திக்கொண்டது. ஸ்டேஷன் வேகன் வாங்கினால் என்ன பிரயோஜனம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அன்று பதில் சொன்னாகிவிட்டது. வாசலில் இறக்கும்போது மனைவி, நீல வண்டியின் ஜன்னல் ஓரத்தில் பச்சையாக எதையோ பார்த்துவிட்டு விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

“இதுக்கு மரம் எதுல வரும்?”

நம்மவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அதுக்குள்ளே முதல் வண்டி ரெடியாயிடும்.”