ஏழு கட்டை சார்

ஏழு கட்டை என்றதும் சுருதியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். சாருக்குச் சங்கீதம் வராது. அவருடைய கட்டைகள் ஸ்கிராபிள் பெட்டியில் இருப்பவை. கட்டைக்கு ஓர் ஆங்கில எழுத்து. பைக்குள் கைவிட்டு எடுத்த ஏழையும் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு, அதற்குள் ஒளிந்திருக்கும் வார்த்தையைப் பிடிப்பதே அவருடைய தொழில், தவம், பொழுதுபோக்கு. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஒன்று இருந்தால், அதில் தண்ணீர்த் தொட்டியும் இவர் மாதிரி ஒருவரும் இருந்தே தீர்வார்கள்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். எழுத்தைப் பார்த்தால் நாம் படிப்போம், இவர்கள் கலைப்பார்கள். பேருந்தின் நெற்றியில் ஆங்கிலத்தில் சேலம் என்று எழுதியிருந்தால், சார் கண்ணுக்கு ‘மீல்ஸ்’ என்று தெரியும். அதே ஐந்து எழுத்துதான், உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. ஓசூர் வண்டியைப் பார்த்து ‘ஹவர்ஸ்’ என்பார். தேனி வண்டியைக் கண்டால் ‘தைன்’ என்று ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். இதற்குள் அவர் ஏற வேண்டிய வண்டி புறப்பட்டுப் போயிருக்கும். மதுரை மட்டும் இன்னும் அவருக்கு மசியவில்லை. அதனாலேயே அந்தப் பக்கம் கல்யாணம் காட்சி என்றால் கொஞ்சம் யோசிக்கிறார்.

1996இல் மெட்ராஸ் சென்னையானபோது ஊரெல்லாம் வரலாறு பேசியது. சார் கணக்குப் பார்த்தார். மெட்ராஸைக் கலைத்தால் ‘டிராமாஸ்’ கிடைத்துக்கொண்டிருந்தது. அது போச்சே என்று முதலில் வருத்தம். பிறகு சென்னையின் எழுத்துகளை உருட்டிப் பார்த்தார். ‘என்செயின்’ என்று விழுந்தது. சங்கிலியால் கட்டிப்போடுவது என்று அர்த்தம். கத்திப்பாராவில் மாலை ஆறு மணிக்கு நின்றவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். சாருக்கு அந்த அர்த்தம் முக்கியமில்லை. ஆறு எழுத்து ஏழாகியிருக்கிறது. ஏழு கட்டையையும் ஒரே வீச்சில் பலகையில் இறக்கினால் 50 புள்ளி உபரி. பெயர் மாற்றத்தை அன்றே முழு மனதாக ஏற்றுக்கொண்டார்.

சாப்பாட்டு விஷயத்திலும் இதே பார்வைதான். ஸ்கிராபிள் அகராதியில் இட்லியும் உண்டு, தோசையும் உண்டு. இரண்டுக்கும் தலா 5 புள்ளி. ஆனால் சார் இட்லிக் கட்சி. கையில் இரண்டு ‘ஐ’ மாட்டிக்கொண்டு விழிக்கும்போது, இரண்டையும் ஒரே மூச்சில் கழித்துவிட இட்லி உதவும். தோசை போட்டால் ஒரு ‘எஸ்’ செலவாகிவிடும். மொத்தம் 100 கட்டையில் ‘எஸ்’ இருப்பது நாலே நாலு. எந்த வார்த்தையின் வாலிலும் ஒட்டிப் பன்மையாக்கும் அந்த எழுத்தை அற்பத் தோசைக்காக இழப்பதா? அடுப்படியிலிருந்து வந்த நிஜத் தோசை தட்டில் ஆறிக்கொண்டிருக்கும்போதுதான் இந்த விளக்கம் நடக்கும்.

ஆட்டத்தின் வரலாறு கேட்காமலே வரும். அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலை போன ஆல்ஃபிரட் பட்ஸ் என்கிற கட்டடக் கலைஞர், செய்தித்தாளின் முதல் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி உட்கார்ந்தார். அதை வைத்தே ‘இ’க்கு 12 கட்டை, ‘கியூ’வுக்கும் ‘இசட்’டுக்கும் ஒவ்வொன்று என்று பங்கு பிரித்தார். 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் அதற்கு ஸ்கிராபிள் என்று பெயர் வைத்து விற்றார். வேலை இல்லாதவர் கண்டுபிடித்ததை வேலை முடிந்தவர் ஆடுகிறார். பொருத்தம்தான்.

எதிரே உட்கார்ந்து ஆடினால்தான் சாரின் முழு ரூபம் தெரியும். முதலில் ஏழு எழுத்தையும் அகர வரிசையில் அடுக்குவார். அடுத்து ‘ஐஎன்ஜி’, ‘இடி’ போன்ற வால்களைப் பிரித்து ஓரமாக வைப்பார். பிறகு கண்ணை மூடுவார். தூங்கிவிட்டாரோ என்று நாம் நினைக்கும் நேரத்தில் ‘கியூ’வையும் ‘ஐ’யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நம்மைப் பார்த்துப் பல்லைக் காட்டுவார்.

“இது ஒரு வார்த்தையா தாத்தா? என்ன அர்த்தம்?” என்பான் பேரன்.

“அர்த்தம் கேக்கறவன் ஜெயிக்க மாட்டான்டா.”

சீனத்தில் உயிர்ச்சக்திக்குச் சொல்லும் பெயர் அது. ‘சீ’ என்று உச்சரிக்க வேண்டும். சார் இன்றுவரை ‘க்வி’ என்றுதான் சொல்கிறார். இரண்டு ‘ஏ’ சேர்ந்தால் ஹவாய்த் தீவின் கரடுமுரடான எரிமலைப் பாறை, ‘ஏ’யும் ‘ஐ’யும் சேர்ந்தால் தென்னமெரிக்கக் காட்டில் மரத்தில் தொங்கும் ஒரு சோம்பேறி விலங்கு. எரிமலையும் விலங்கும் சாருக்கு ஒன்றுதான். புள்ளி வந்தால் சரி.

தன் கட்சிக்கு அவர் காட்டும் சாட்சி பலமானது. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே, வார்த்தைகளை மட்டும் உருப்போட்டு 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024இல் ஸ்பானிஷ் பட்டத்தையும் அதே வழியில் தட்டிக்கொண்டு போனார். “பாத்தீங்களா? பாஷை தெரியாதவன்தான் சாம்பியன்!” என்று சார் மேஜையைத் தட்டும்போது நமக்கு வாயடைத்துப் போகும். அவர் மனைவிக்கு அடைக்காது. அந்த அம்மாள் தேவாரம் ஓதுபவர்.

“முன்னாலேர்ந்து படிச்சாலும் பின்னாலேர்ந்து படிச்சாலும் ஒண்ணாவே வர்ற மாதிரி சம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்காருங்க. அதுக்கு அர்த்தமும் இருக்கு.”

“பாயின்ட் எவ்வளவு?”

இவ்வளவு வார்த்தை தெரிந்தவர் ஆயிற்றே என்று, பழுதான லிஃப்டைப் பற்றி நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். சார் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். ‘எக்ஸ்’, ‘ஜே’, ‘கியூ’ எல்லாம் தாராளமாகப் புழங்கிய அருமையான கடிதம். அதைப் படித்துவிட்டு அந்த நிறுவனத்தார் தொலைபேசியில் கூப்பிட்டு, லிஃப்ட் ஏறவில்லையா இறங்கவில்லையா என்று கேட்டார்கள்.

இப்போது பேரன் வேறு கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கி வைத்திருக்கிறான். எழுத்துகளைக் கொடுத்தால் அவற்றில் அடங்கும் வார்த்தைகளைக் கண் மூடித் திறப்பதற்குள் கொட்டிவிடுகிறது. “இது ஆட்டமே இல்ல, திருட்டு” என்று சார் சீறினார். அன்றிலிருந்து ஆட்டத்தின் நடுவே அவர் பாத்ரூம் போவது அதிகமாகிவிட்டது. போகும்போது கைப்பேசியும் கூடவே போகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். குதிரைப் பந்தயத்தில் பணத்தை விடுகிறவர்களைவிடவும், வாட்ஸ்அப்பில் மருத்துவக் குறிப்பு அனுப்புகிறவர்களைவிடவும் இவர் ஆயிரம் மடங்கு மேல். எனவே அழைத்தால் மறுக்காமல் எதிரே உட்காருங்கள். தோற்பீர்கள், பரவாயில்லை. அர்த்தம் மட்டும் கேட்காதீர்கள். லிஃப்டுக்குக் கடிதத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.