பேச்சில் மட்டும் பலமான இடுப்பு

முதுகின் அடிப்பாகத்தைப் பற்றி என்னைப்போல விளக்கம் சொல்ல திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நாகல் நகர் வரை ஆள் கிடையாது. எக்ஸ்ரே உறையும் கையுமாக டீக்கடையில் வகுப்பே எடுத்திருக்கிறேன். என் நாலாவது இடுப்பு முள்ளெலும்பு ஐந்தாவதன் மேலிருந்து முன்பக்கம் நழுவியிருக்கிறது. மெயர்டிங் என்ற மருத்துவர் 1932-ல் வகுத்த கணக்குப்படி முதல் நிலை, கால் பங்குக்குள்தான். நிமிர்ந்து எடுத்த படத்தைவிடக் குனிந்து எடுத்ததில் நழுவல் கூடுவதால் இது ஆடுகிற இடுப்பு. "அண்ணே, டீ ஆறுது" என்று மாஸ்டர் குரல் கொடுத்தால்தான் நிறுத்துவேன்.

அடுத்த பாடம் மனோகர் பஞ்சாபி. யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1992-ல் அவர் எழுதியதன் சாரம் இது: முதுகை நிலையாக வைப்பது எலும்பும் டிஸ்க்கும் நார்களும் மட்டுமல்ல, சுற்றியுள்ள தசைகளும், அவற்றை நேரத்துக்கு இறுகச் சொல்லும் நரம்புகளும் சேர்ந்துதான். ஒன்று தளர்ந்தால் மற்றவை ஓரளவு ஈடுகட்டும். எலும்பை நான் தள்ளி வைக்க முடியாது, தசையைத் தேற்றலாம். இதைப் புரிந்துகொண்டதும் நான் செய்த முதல் காரியம், பெல்ட் வாங்கியது.

வலி கடுமையான நாட்களுக்குப் பெல்ட் சரி. எந்நேரமும் கட்டினால் தசைக்கு லீவு விட்டதாகிவிடும். ஆனால் சட்டைக்கு மேலே கட்டிக்கொண்டு ஏறினால் வத்தலக்குண்டு பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறதே!

பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்தது சின்ன வேலை. மண்டிபோட்டு, கை ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி, இடுப்பு அசையாமல் சில நொடி நிற்க வேண்டும். பிறகு மாற்றி. "மூச்சை அடக்காதீங்க சார்." வீட்டில் நீட்டியதும் பேத்தி முதுகில் ஏறினாள். கவிழ்ந்தேன்.

வலி இருக்கும்வரை ஒழுங்காகச் செய்வேன். வலி போன மறுநாளே பாயைச் சுருட்டிவிடுவேன். முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் கிடக்கும் மல்டிஃபிடஸ் என்ற தசை வலியில் சுருங்கும். வலி போனாலும் தானாகத் தேறிவிடுவதில்லை. ஆக, விரிக்க வேண்டிய நாளில்தான் நான் சுருட்டுகிறேன். இதையும் டீக்கடையில் சொல்லியாயிற்று. வலி விட்ட தைரியத்தில் சிறுமலைக்குப் போய், பஸ்ஸின் கடைசி சீட்டில் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் குலுங்கி இறங்கி, வாங்கிவந்த மலைவாழைத் தாரைத் தோளில் ஏற்றினேன். மறுபடி பெல்ட்.

மறைவிடத்தைச் சுற்றி மரத்தாலோ, சிறுநீர் கட்டுக்குள் இல்லாமல் போனாலோ, கால் துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்வேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே நழுவல். பஞ்சாபியிலிருந்து மல்டிஃபிடஸ் வரை முழுப் பாடமும் அவருக்கு நடத்தினேன். பாதியில் கொட்டாவி விட்டவர், பயிற்சியை மட்டும் தினமும் விடாமல் செய்கிறார். போன தடவை குழாயில் தண்ணீர் வந்தபோது, குடத்தை உடம்போடு அணைத்து, முழங்காலை மடக்கி, நான் சொன்னபடியே தூக்கினார்.

"தம்பி, உங்க குடத்தையும் எடுத்து வச்சிரட்டுமா?"

பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வழிவிட்டேன்.