மண்ணைக் கவ்வப்போவது யார்?

பாரிஸ் செம்மண் டென்னிஸ் போட்டி என்றதும் மைசூருவிலிருந்து கேள்விகள் கட்டுக்கட்டாக வந்துவிட்டன. நேராகக் களத்துக்குப் போவோம்.

அல்கராஸா, சின்னரா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். (கல்லூரி மாணவர், குவெம்பு நகர்)

அல்கராஸ்.

ஒரு வார்த்தை போதாது என்றால் இதையும் கேளுங்கள். 2025 இறுதி ஆட்டத்தில் சின்னர் கையில் மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட் இருந்தது. மூன்றும் நழுவியது. 5 மணி 29 நிமிடம் முடிந்தபோது கோப்பை அல்கராஸ் கையில். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

சின்னருக்கு அப்படி என்ன குறைச்சல்? (சரஸ்வதிபுரம்)

குறைச்சல் ஒன்றுமில்லை. பந்து தாழ்வாக, விர்ரென்று வரும் தரையில் அவர் ராஜா. செம்மண்ணில் அதே பந்து வேகம் குறைந்து தோள் உயரத்துக்கு எகிறும். எதிராளிக்கு யோசிக்க அவகாசம் கிடைக்கும். அல்கராஸுக்கு யோசிக்க அவகாசம் கிடைத்தால் டிராப் ஷாட் வரும்.

பாரிஸ் மைதானம் நிஜமாகவே களிமண்தானா? (நஞ்சன்கூடு)

செங்கல் பொடி! அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான். அதன் கீழே நொறுக்கிய சுண்ணாம்புக் கல், அப்புறம் நிலக்கரிக் கசடு, சரளை, அடியில் பெருங்கல். சாம்பியன்கள் ஜெயித்த மறுகணம் விழுந்து புரள்வதெல்லாம் செங்கல் சூளைச் சரக்கின் மேல்.

நடாலின் 14 பட்டங்களை யாராவது எட்டுவார்களா? (விஜயநகர்)

பாரிஸில் 116 ஆட்டம் ஆடி நாலே நாலில் தோற்ற மனிதர் அவர். 2025 முடிய அல்கராஸிடம் இருப்பது இரண்டு பட்டம். அதன்பின் ஓர் ஆண்டுகூட விடாமல் ஜெயித்தாலும் சமன் செய்ய 2037 ஆகும். அப்போது அவருக்கு வயது 34. கணக்கு சரியாக வருகிறது. முழங்கால் ஒத்துழைக்க வேண்டும்.

அந்த நடால் சென்னையில் தோற்றாராமே? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஜெயலக்ஷ்மிபுரம்)

ஆமாம், 2008 நுங்கம்பாக்கம். அரையிறுதியில் கார்லோஸ் மோயாவோடு ஏறக்குறைய நாலு மணி நேரம். மூன்று செட்டும் டை-பிரேக். ஜெயித்தார். மறுநாள் இறுதியில் கால் எழும்பவில்லை. யூஷ்னியிடம் 0-6, 1-6. சென்னை ஒற்றையர் கோப்பை அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. மோயா அதை 2004, 2005 இரண்டு ஆண்டும் வாங்கிப் போனவர். பின்னாளில் நடால் அவரையே கோச்சாக வைத்துக்கொண்டார். புத்திசாலி.

நம்மவர்களுக்குச் செம்மண் ராசியே இல்லையா? (லஷ்கர் மொஹல்லா)

யார் சொன்னது? கிராண்ட் ஸ்லாம் பட்டம் வாங்கிய முதல் இந்தியர் மகேஷ் பூபதி. வாங்கிய இடம் பாரிஸ், 1997, கலப்பு இரட்டையர். 1999-லும் 2001-லும் பயஸும் பூபதியும் சேர்ந்து ஆண்கள் இரட்டையர். 2012-ல் பூபதியும் சானியாவும். 2016-ல் பயஸும் ஹிங்கிஸும். 2017-ல் போபண்ணா.

ஒற்றையரில்தான் வறட்சி. ராமநாதன் கிருஷ்ணன் 1962-ல் காலிறுதி வரை போனார். அதுவே இன்றுவரை பேச்சு. இரட்டையரில் நாலைந்து அடியில் பாயிண்ட் முடியும். கை வித்தை போதும். ஒற்றையரில் இருபது அடி போகும். அங்கே கேட்பது கால்.

செம்மண்ணில் பெரிய நாட்டை அதன் வீட்டிலேயே நாம் தோற்கடித்தது உண்டா? (பள்ளி ஆசிரியை, அக்ரஹாரம்)

அம்மா, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். 1993 ஜூலை, டேவிஸ் கோப்பை காலிறுதி, பிரான்ஸின் ஃப்ரேஜு. எதிரே போயட்ஷ், லெகோந்த், ஷில்பேர். கீழே அவர்கள் செம்மண், சுற்றிலும் அவர்கள் ஜனம். இந்தியா 1-2 என்று பின்தங்கியது. லியாண்டர் பயஸ் போயட்ஷை வீழ்த்தி 2-2 ஆக்கினார். ஐந்தாவது ஆட்டத்துக்கு இறங்கியவர் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன், வயது 32. எதிராளியைப் பயமுறுத்தும் சர்வ் அவரிடம் என்றைக்குமே கிடையாது. பூப்போல வைத்து வைத்தே ஷில்பேரை வீழ்த்தினார். 3-2!

பிரெஞ்சு மண் ரமேஷுக்குப் புதிதும் அல்ல. 1979-ல் பாரிஸில் ஜூனியர் பட்டம் வாங்கியவர்.

ஃப்ரேஜு வெற்றிக்கு முன் 1987-ல், ஸ்வீடனின் யோதபோரியில் டேவிஸ் கோப்பை இறுதி ஆட்டம். உள்ளரங்கில் செம்மண் கொட்டிக் காத்திருந்தார்கள். 5-0 என்று கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஆறே ஆண்டில் அதே ரமேஷ் வேறொரு செம்மண்ணில் அந்தக் கடனை அடைத்தார்.

சுமித் நாகல்? (டாக்சி ஓட்டுநர், நஜர்பாத்)

2024 மான்டி கார்லோவில் அர்னால்டியை ஜெயித்தார். 1000 வரிசைப் போட்டியில், செம்மண்ணில், ஒற்றையர் பிரதான சுற்றில் ஓர் இந்தியர் பெற்ற முதல் வெற்றி அது. 2024 முடிய அவருக்கு ஆறு சேலஞ்சர் பட்டம்: பெங்களூரு, சென்னை தவிர மற்ற நான்கும் செம்மண்ணில். பியூனஸ் ஐரிஸ், ரோம், தாம்பெரே, ஹைல்பிரான். ஜெர்மனியில் தங்கிப் பழகிய கால்கள் அவை. இங்கேயே இருந்திருந்தால் அந்த நான்கையும் எங்கே போய்ப் பழகி வாங்கியிருப்பார்?

மைசூருவில் செம்மண் போட்டி ஒன்று நடத்தினால் என்ன? (டென்னிஸ் பிள்ளையின் தகப்பனார், கோகுலம்)

நடத்தியே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

2023-ல் இங்கே 25,000 டாலர் ஐடிஎஃப் ஆண்கள் போட்டி நடந்தது. சந்தோஷம். ஆனால் ஹார்டு கோர்ட். பெங்களூரு ஓபனும் ஹார்டு கோர்ட். நம் பிள்ளை உள்ளூரில் சிமெண்டில் ஓடி ஓடி முட்டியைத் தேய்க்கிறான். பதினெட்டு வயதில் ஐரோப்பாவில் செம்மண்ணைப் பார்த்ததும் பிரேக் பிடிக்கத் தெரியாமல் தடுமாறுகிறான்.

ஏன் இந்த நிலை என்றால், செம்மண் தரை வேலை வாங்கும். தினம் தண்ணீர் தெளிக்கணும், வலை இழுக்கணும், உருளை ஓட்டணும். மழைக்காலம் முடிந்தால் மறுபடி போடணும். கிளப்புகள் கணக்குப் பார்த்துச் செயற்கைத் தரைக்குப் போய்விடுகின்றன. அந்தக் கணக்கு தப்பு. மிச்சமான பராமரிப்புப் பணத்தைவிடப் பிள்ளைகளின் முட்டி விலை கூடுதல்.

மண்ணைப் பதப்படுத்தும் கலை தெரியாத ஊரா இது? தசரா குஸ்திக்குக் கரடி மனை என்ற பயிற்சிக் கூடங்களில் செம்மண்ணைச் சலித்து, எண்ணெய் விட்டுப் பதமாக்கும் கைகள் இன்றும் இருக்கின்றன. பிரஹ்லாத் ஸ்ரீநாத், பிரஜ்வல் தேவ் என்று ஆட்டக்காரர்களைக் கொடுத்த ஊர் வேறு. கிளப்புக்கு இரண்டு செம்மண் தரை, அதுவும் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு. இதைத்தான் கேட்கிறேன்.

நம் ஊர் உயரத்தில் பந்து பறக்குமே! (அதே தகப்பனார்)

பறக்கட்டும். மாட்ரிட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர், மைசூரு 750-க்கும் மேல். மாட்ரிட்டில் ஆண்டுதோறும் செம்மண்ணில் உலகமே ஆடுகிறது. காற்று மெலிசு என்று ஒருவரும் வீட்டுக்குத் திரும்பவில்லை.

செம்மண்ணில் பந்தின் தடம் தெரிகிறதே, அப்புறம் எதற்குச் சண்டை? (ஸ்ரீரங்கப்பட்டினம்)

தடம் ஒன்று, அதைப் பார்க்கும் கண் இரண்டு ஜோடி. 2025 மாட்ரிட்டில் கேமரா தீர்ப்பை ஏற்காமல் ஸ்வெரெவ் தன் செல்போனை எடுத்துவந்து தடத்தைப் படமெடுத்தார். நடுவர் எச்சரிக்கை கொடுத்தார். அதே ஆண்டு பாரிஸில் நடுவர்தான் நாற்காலியிலிருந்து இறங்கிவந்து குனிந்து பார்த்தார். எனக்கு அதுதான் பிடிக்கிறது. தீர்ப்புச் சொல்பவர் கொஞ்சம் குனியட்டும்.

பெண்கள் பிரிவில் உங்கள் பந்தயம்? (கல்லூரி மாணவி, சரஸ்வதிபுரம்)

ஷ்வியான்டெக். பாரிஸில் நாலு பட்டம் சும்மா வராது. 2025 அரையிறுதியில் சபலென்காவிடம் கடைசி செட்டை 0-6 என்று விட்டாரே என்பீர்கள். அந்தச் சபலென்கா இறுதியில் 70 பிழை செய்து கோப்பையைக் காஃபுக்குக் கொடுத்தார். செம்மண்ணில் ஓங்கி அடிப்பவரைவிட ஒரு பந்து அதிகமாகத் திருப்புகிறவர் ஆபத்தானவர்.

கோவைப் பெண் மாயா ராஜேஷ்வரன் எப்படி வருவார்? (கோவையிலிருந்து வந்து குடியேறியவர், விஜயநகர்)

15 வயதில், 2025 மும்பை ஓபனில் தகுதிச்சுற்றிலிருந்து அரையிறுதி வரை வந்தார். பிறகு மல்லோர்காவில் நடால் அகாடமி. சரியான வயதில் சரியான மண். அவசரப்படுத்தாதீர்கள், ஐந்து வருஷம் கொடுங்கள். நான் நம்பிக்கையோடு இருக்கிறேன்.

போபண்ணா? (மடிகேரி)

பாரிஸ் ஒலிம்பிக்ஸில் செம்மண்ணில் கோவை ஸ்ரீராம் பாலாஜியோடு இறங்கினார், முதல் சுற்றோடு முடிந்தது. அதனால் என்ன? அதே 2024-ன் தொடக்கத்தில், 43 வயதில், ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டமும் உலகின் முதலிடமும் அவருடையவை. அவர் ஊரான குடகின் காப்பியைப் பற்றி இனி யாரும் குறை பேசக்கூடாது.

என் பேத்திக்கு ஏழு வயது. செம்மண்ணில் முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பது? (நஜர்பாத்)

சறுக்க. பந்தை அடித்துவிட்டுச் சறுக்கினால் அடுத்த பந்துக்குத் திரும்ப முடியாது. சறுக்கிக்கொண்டே போய், சறுக்கல் நிற்கும் நொடியில் அடிக்க வேண்டும். ராக்கெட் இல்லாமலே முதல் வாரம் முழுக்க இதை மட்டும் பழகட்டும். வெள்ளைச் சாக்ஸ் வேண்டாம், கறை போகாது.