மறுபடியும் தட்டடவு

விஜயதசமி வந்தாலும் வந்தது, புதுவை முத்தியால்பேட்டையில் திரும்பிய பக்கமெல்லாம் பரதநாட்டியப் பலகை. 'சேர்க்கை நடைபெறுகிறது' என்பதோடு இவற்றின் ஒற்றுமை தீர்ந்தது. ஒரே அடவுக்கு வகுப்புக்கு வகுப்பு பெயர் மாறும், சொற்கட்டு மாறும், எண்ணிக்கையும் மாறும். ஏன் என்றால் ஒரே பதில்: "எங்க பாணி." இதற்குத் தீர்வு உண்டு, கடைசியில் சொல்கிறேன். அதற்குள், டீச்சர் மாறும் பிள்ளையின் கதியைப் பாருங்கள். "இதுவரை கத்துக்கிட்டதை மறந்துடும்மா" என்பதுதான் முதல் பாடம். இரண்டாம் பாடம், அடவுகளில் முதலாவதான தட்டடவு. அப்பா புதுவை அரசு ஊழியரென்றால் கேட்கவே வேண்டாம். காரைக்காலுக்கு மாற்றலா? தட்டடவு. அங்கே நாட்டடவு வரை வந்ததும் மாஹேக்கு மாற்றல். அது மோகினியாட்டம் ஆடும் சீமை, ஆட்டமே வேறு. ஏனாமில் கூச்சிப்பூடி. திரும்பி முத்தியால்பேட்டைக்கு வந்தால், அரைமண்டி கெட்டுப்போச்சு என்று மறுபடியும் தட்டடவு. அலாரிப்பை எட்டுவதற்குள் பிளஸ் டூ வந்து சலங்கை பரணுக்குப் போய்விடும். காஸ் இணைப்பைக்கூட ஊர் விட்டு ஊர் மாற்றலாம். கற்ற அடவைத் தெரு விட்டுத் தெரு மாற்ற முடியாது.

"பாணிகள்தானே கலையின் செல்வம், எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கச் சொல்கிறீர்களா?" என்பார்கள். இல்லை. அர்ஜென்டினாவின் டாங்கோவை இங்கிலாந்தின் நடன ஆசிரியர்கள் 1920களில் இலக்கணம் போட்டுப் போட்டி நடனமாக்கினார்கள்; பியூனோஸ் அய்ரஸ்காரர்கள் அதைத் தங்கள் டாங்கோவாக ஏற்பதில்லை. அவர்கள் ஊரிலோ இன்றும் ஆளுக்கொரு வழியில்தான் சொல்லித்தருகிறார்கள். அந்த டாங்கோவைத்தான் 2009இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே ஒரே அச்சு பற்றிய பயம் நியாயமே. ஆனால் நம் வீட்டுக் கணக்கு வேறு. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிக்கும் கச்சேரி வரிசையை 19ஆம் நூற்றாண்டில் வகுத்தவர்கள் தஞ்சை நால்வர். பந்தநல்லூர்ப் பாணியும் வழுவூர்ப் பாணியும் அந்த வரிசையில்தான் ஆடின. எந்தப் பாணியும் செத்துவிடவில்லை. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கி, பாடத்தைப் படிப்படியாக ஒழுங்குபடுத்தினார். இங்கே அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்திலும் பாடத்திட்டம் உண்டு, பட்டம் உண்டு. ஒழுங்கு வந்தால் கலை போய்விடும் என்பது மேடையில் பேச நன்றாயிருக்கும். நம் பரதநாட்டிய வரலாற்றில் சான்று இல்லை. "முனிவர்கள் வகுத்ததை நாம் தொடலாமா?" என்பது அடுத்த அஸ்திரம். முனிவர்களே ஒத்துப்போகவில்லை சார்! ஒற்றைக் கை முத்திரை நாட்டிய சாஸ்திரத்தில் 24, அபிநய தர்ப்பணத்தில் 28.

தீர்வு சொல்கிறேன் என்றேன். நான் கேட்பது ஒரு பொது அட்டவணை: இந்தப் பாணியின் இந்த அடவுதான் அந்தப் பாணியின் அந்த அடவு என்று. அதற்கு இரண்டு டீச்சர்கள் ஒரு மேஜையில் உட்கார வேண்டும். மேஜை யார் வீட்டில் என்பதிலேயே பேச்சுவார்த்தை முறிந்துவிடும். ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: அரங்கேற்றம் முடியும்வரை வீடு மாற்றாதீர்கள்.