எல்லாம் கொடுங்கள், ஞானஸ்நானம் மட்டும் வேண்டாம்

மிஷனரிகளுக்கு உலகில் பல விதமான எதிரிகள் வாய்த்திருக்கிறார்கள். கல்லால் அடித்தவர்கள், சிறையில் போட்டவர்கள், பசிபிக் தீவுகள் சிலவற்றில் சமைத்தே சாப்பிட்டவர்கள். இவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம்; தியாகி என்ற பட்டமாவது மிஞ்சும். "ரொம்ப நல்லா சொன்னீங்க, உட்காருங்க, பழம் சாப்பிடுங்க" என்று சிரிப்பவர்களை என்ன செய்வது? அப்படிச் சிரித்தே ஆளைக் கவிழ்ப்பவர்களின் தலைநகரம் பாங்காக்.

1828 ஆகஸ்டில் கார்ல் குட்ஸ்லாஃப் என்ற ஜெர்மானியரும் ஜேக்கப் டாம்லின் என்ற ஆங்கிலேயரும் அங்கே வந்து இறங்கினார்கள். சியாம் (இன்றைய தாய்லாந்து) நாட்டுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் இவர்கள்தான். கொண்டுவந்ததோ பெட்டி பெட்டியாகச் சீன மொழித் துண்டுப்பிரசுரங்கள். பிரசுரத்தோடு மருந்தும் கொடுத்ததால் கூட்டம் அலைமோதியது. மருந்துக்கு வந்த கூட்டத்தை மதத்துக்கு வந்த கூட்டமாக எண்ணிப் பூரித்துப்போவது அன்றே தொடங்கிவிட்டது.

கதாநாயகன் வந்தது 1835 ஜூலை 18இல். டான் பீச் பிராட்லி, அமெரிக்க மருத்துவர். அன்று அவருக்கு 31ஆவது பிறந்தநாள். இனி வரும் 38 ஆண்டுகளில் பெரும்பகுதி இதே ஊரில் குப்பை கொட்டப்போகிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

1837 ஜனவரியில் ஒரு கோயில் விழாவில் வெடி விபத்து. சிலர் இறந்தார்கள், ஒரு புத்த பிட்சுவின் கை சிதைந்தது. பிராட்லி அந்தக் கையை வெட்டி எடுத்து ஆளைப் பிழைக்கவைத்தார். சியாமில் நடந்த முதல் மேலைநாட்டு அறுவை சிகிச்சை என்று இதைத்தான் சொல்கிறார்கள். மயக்க மருந்து என்ற சங்கதியே உலகத்தில் புழக்கத்துக்கு வராத காலம். பிட்சு பிழைத்தார், பிட்சுவாகவே பிழைத்தார்.

அடுத்தது அம்மை. பிராட்லி அம்மை குத்திக் காட்டியதும், மூன்றாம் ராமா மன்னர் அரண்மனை வைத்தியர்களை அனுப்பி அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளச் சொன்னார். கற்றார்கள். கூடவே இருந்த வேதத்தைக் கற்கச் சொல்லி உத்தரவு எதுவும் இல்லை.

பிராட்லி அச்சு இயந்திரம் கொண்டுவந்தது நற்செய்தி அச்சிடத்தான். அரசாங்கம் அதைப் பார்த்தது. 1839இல் அபின் ஒழிப்பு ஆணையை 9,000 பிரதி அடித்துத் தரச் சொல்லி ஆர்டர் கொடுத்தது. 1844இல் 'பாங்காக் ரெக்கார்டர்' என்ற முதல் பத்திரிகை வந்தது. 1861இல் மோம் ராசோதை என்பவர் லண்டன் போய்வந்து எழுதிய பயணக் கவிதையை 400 பாட் பணத்துக்கு வாங்கிப் போட்டார் பிராட்லி. தாய்லாந்துப் பதிப்புலகின் முதல் காப்புரிமை ஒப்பந்தம் அது. ஆத்மாக்களை அறுவடை செய்ய வந்தவர் நாளடைவில் நல்ல பதிப்பாளர் ஆகிவிட்டார்.

அறுவடைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பிராட்லியை அனுப்பிய அமெரிக்க மிஷன் 1831 முதல் 1849 வரை பாங்காக்கில் பாடுபட்டது. பதினெட்டு ஆண்டுகள். மதம் மாறிய சியாமியர்கள்: பூஜ்யம். கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பிரஸ்பிட்டேரியன் சபைக்கு முதல் சியாமியர் கிடைத்தது 1859இல். பாப்டிஸ்டுகள் மட்டும் கெட்டிக்காரர்கள். ஊரில் இருந்த சீனர்கள் பக்கம் திரும்பி 1837லேயே சபை அமைத்துவிட்டார்கள்.

இந்தக் கதையின் உண்மையான வில்லன், நியாயமாகப் பார்த்தால் உண்மையான ஹீரோ, இளவரசர் மோங்குட். 27 ஆண்டுகள் காவி உடுத்தி பிட்சுவாக வாழ்ந்தவர். 1845இல் ஜெஸ்ஸி காஸ்வெல் என்ற மிஷனரியிடம் ஒரு பேரம் பேசினார்: நீங்கள் எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள், என் விகாரை வளாகத்திலேயே நீங்கள் பிரசங்கம் செய்ய இடம் தருகிறேன். காஸ்வெலுக்குக் காலம் கனிந்துவிட்டதாகத் தோன்றியிருக்க வேண்டும். சிங்கத்தின் குகைக்குள் சிங்கமே பாய் விரித்துக் கொடுக்கிறதே! ஒன்றரை ஆண்டு பாடம் நடந்தது. இளவரசருக்கு ஆங்கிலம் வந்தது. விகாரைக்குக் கிறிஸ்து வரவில்லை.

அதோடு நிற்கவில்லை. மோங்குட் தன் விகாரையிலேயே ஓர் அச்சகம் வைத்து புத்த நூல்களை அச்சிட்டார். மிஷனரிகள் கேலி செய்த புராணக் கதைகளை ஓரங்கட்டி, பகுத்தறிவுக்கு ஒத்த பௌத்தம் பேசினார். நீங்கள் செய்யச் சொல்வதெல்லாம் அருமை, நம்பச் சொல்வதுதான் அபத்தம் என்று ஒரு மிஷனரி நண்பரிடம் அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவர் மன்னரான பிறகு, அமைச்சராக இருந்த திபாகரவோங் 1867இல் ஒரு நூலே எழுதினார். மிஷனரிகள் கற்றுக்கொடுத்த வானியலையும் அறிவியலையும் கையில் எடுத்துக்கொண்டு அவர்களுடைய வேதத்தையே குறுக்கு விசாரணை செய்த நூல் அது. பாடம் சொன்ன வாத்தியாருக்கே பரீட்சை வைப்பது என்றால் இதுதான்.

1851இல் மிஷனரிகளின் மனைவிமார்கள் அரண்மனைப் பெண்களுக்குப் பாடம் நடத்தப் போனார்கள். இலக்கணத்துக்கு நடுவே இயேசு எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் சில ஆண்டுகளில் வகுப்பு நின்றது. 1862இல் அன்னா லியோனோவென்ஸை ஆசிரியை வேலைக்கு அழைத்தபோது மன்னர் உஷாராகிவிட்டார். ஆங்கிலமும் அறிவியலும் போதும், மதமாற்றம் வேண்டாம் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டார்.

வடக்கே நிலைமை வேறு. சியாமுக்குக் கப்பம் கட்டிய சியாங் மாயில் 1869இல் அந்த ஊர் அரசர் கிறிஸ்தவரான இருவரைக் கொன்றார். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. 1878இல் அங்கே ஒரு கிறிஸ்தவக் கல்யாணம், குலதெய்வ ஆவிக்குக் கட்டணம் கட்டாததால் தடைபட்டது. பிராட்லியின் மருமகன் டேனியல் மக்கில்வரி பாங்காக்குக்கு முறையிட்டார். அப்போதைய மன்னர் சுலாலங்கோர்ன் சார்பில் மதச் சுதந்திர ஆணை வந்தது. ஆக, புத்த மன்னரே வழியைத் திறந்துவிட்டார். மலைவாழ் மக்களில் பலர் பின்னாளில் அந்த வழியே வந்தார்கள். பாங்காக்வாசி வாசலில் நின்று வணக்கம் சொல்வதோடு சரி.

கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. சாமுவேல் மக்ஃபார்லண்ட் என்ற மிஷனரியின் மகன் எட்வின் 1892இல் தாய்லாந்து மொழித் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கினார். விசைப்பலகையில் இடம் போதாமல் 44 மெய்யெழுத்துகளில் இரண்டை விட்டுவிட்டார். அவை அப்படியே வழக்கொழிந்தன. பாவிகளை ரட்சிக்க வந்த குடும்பத்தால் இரண்டு எழுத்துகளைக்கூட ரட்சிக்க முடியவில்லை.

இன்றைய பாங்காக்கில் டிசம்பர் மாதம் ஷாப்பிங் மால்கள் கிறிஸ்துமஸ் மரத்தால் ஜொலிக்கும். 1852இல் வேர்விட்ட பாங்காக் கிறிஸ்டியன் காலேஜிலும், 1874இல் தொடங்கிய வத்தனா வித்தயாவிலும் பிள்ளையைச் சேர்க்கப் புத்த மதத்துப் பெற்றோர்கள் ஆசைப்படுகிறார்கள். மிஷன் ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள். நாட்டின் மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் சுமார் ஒரு சதவீதம். அவர்களிலும் பலர் வடக்கு மலைகளில்.

வரவு செலவைக் கூட்டிப் பார்த்தால் தீர்ப்பு ஒன்றுதான். அச்சகம், அறுவை சிகிச்சை, தடுப்பூசி, பத்திரிகை, பள்ளிக்கூடம், தட்டச்சு இயந்திரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, விலையாகப் புன்னகையையும் வெட்டிய பழத்தையும் மட்டும் கொடுத்த சாமர்த்தியத்தில் பாங்காக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.