நான்காம் பருவத்து நாயகர்

கலிஃபோர்னியா மாநிலத்தின் 116 சமுதாயக் கல்லூரிகளிலும் ஏப்ரல் மாதக் கடைசியில் தோன்றி, மே மாத நடுவில் திடீரென்று மறைந்துவிடும் மாணவ இனம் ஒன்று உண்டு. இவ்வினத்தாரைக் கடைசிப் பருவத்தார் என்று அழைப்பது பொருந்தும். சமுதாயக் கல்லூரி என்பது, பள்ளி மதிப்பெண்ணைப் பெரிதுபடுத்தாமல் வந்தவர்க்கெல்லாம் கதவைத் திறந்து, குறைந்த கட்டணத்தில் பட்டப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தும் அரசுக் கல்லூரி. அங்கே நான்கு பருவங்களில் 60 யூனிட் அளவுக்குப் பாடங்களை முடித்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் நேரே போய் அமர்வதற்கு டிரான்ஸ்ஃபர், அதாவது மாற்றுச் சேர்க்கை, என்று பெயர். 1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம் உறுதிப்படுத்திய இந்தப் பாதையில் நடப்பவர்கள் எல்லாரும் கடைசிப் பருவத்தார் அல்லர். மூன்று பருவங்கள் ஓடி வந்து, கரை தெரிந்ததும் துடுப்பைக் கீழே வைத்தவர் எவரோ அவரே இவ்வினத்தில் சேர்வார்.

உருமாற்றத்துக்கு முன் அவரைப் பார்த்தவர்கள் பின்னால் அவரை அடையாளம் காண்பது கடினம். முதல் மூன்று பருவங்களிலும் அவர் முன்வரிசைக்காரர். எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடாகும் என்று காட்டும் ‘அசிஸ்ட்’ என்னும் இணையதளத்தை, நேற்றுப் பார்த்தது இன்று மாறியிருக்குமோ என்ற கவலையில் நாளுக்கு நான்கு முறை திறந்து பார்த்தவர். கல்வி ஆலோசகர் எழுதிக் கொடுத்த பாடத்திட்டத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு, முடித்த பாடத்துக்குப் பச்சையும், நடக்கும் பாடத்துக்கு மஞ்சளும், வயிற்றைக் கலக்கும் பாடத்துக்குச் சிவப்பும் தீட்டி வைத்திருந்தவர். ‘ஏ’ கிரேடுக்கு அரை மதிப்பெண் குறைந்தால், பேராசிரியர் தம் அறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே அங்கே நின்றவரும் அவர்தாம்.

ஏப்ரலில் பல்கலைக்கழகத்தின் முடிவு வருகிறது. திரையில் வாழ்த்துச் செய்தி தோன்றிய அந்தக் கணத்திலேயே கடைசிப் பருவத்தார் பிறந்துவிடுகிறார். மறுவாரம் அவர் மார்பில் புதிய பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த ஸ்வெட்டர் ஏறுகிறது. கலிஃபோர்னியாவின் மே மாத வெயிலில் அதை அணிவதற்குக் குளிர் காரணமாக இருக்க முடியாது. இருக்கை முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைக்கும், கடைசி வரிசையிலிருந்து சிற்றுண்டிச் சாலைக்கும், அங்கிருந்து வீட்டுக் கட்டிலுக்கும் படிப்படியாகப் பின்வாங்குகிறது. பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்து, தாலாட்டுக்குரிய தாலப் பருவத்தை மூன்றாவதாக வைத்தார்கள்; நான்கே பருவம் உடைய கல்லூரி வாழ்க்கையில் இவர் அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறார் என்பதே வேறுபாடு.

அவருடைய உறக்கத்தை வெறும் சோம்பல் என்று ஒதுக்குவது அநீதி. அதற்குப் பின்னே ஒரு தத்துவம் இருக்கிறது. கடைசிப் பருவத்து மதிப்பெண்ணை எவரும் பார்ப்பதில்லை என்பது அதன் மூலச் சூத்திரம். அதனை நிறுவ அவர், தருக்க நூலார் கூறும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளையும் தம்மை அறியாமலே கையாளுகிறார்.

காண்டல் என்பது கண்ணால் கண்டு அறிவது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பம் முந்தைய நவம்பரை ஒட்டிப் போய்விடுகிறது. ஜனவரியில், மூன்றாம் பருவ மதிப்பெண்களும் நான்காம் பருவத்தில் எடுக்கவிருக்கும் பாடங்களின் பெயர்களும் புதுப்பிப்புப் படிவத்தில் சேர்கின்றன. ஏப்ரலில் முடிவு வெளியாகும்போது நான்காம் பருவத்தில் பாடப் பெயர்கள் மட்டுமே இருக்கின்றன, கிரேடு ஒன்றுகூட இல்லை. இன்னும் பிறக்காத மதிப்பெண் ஏற்கெனவே பிறந்துவிட்ட சேர்க்கையை எப்படிக் கெடுக்கும் என்று அவர் கேட்கும்போது, எதிரில் இருப்பவர் ஒரு கணம் தடுமாறத்தான் செய்வார்.

கருதல் என்பது தெரிந்ததைக் கொண்டு தெரியாததை ஊகித்து அறிவது; அவர் ஊகிப்பது கணக்கின் வழியாக. ‘ஏ’க்கு 4, ‘பி’க்கு 3, ‘சி’க்கு 2, ‘டி’க்கு 1 என்று புள்ளியிட்டு, யூனிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்த யூனிட்டால் வகுத்தால் வரும் சராசரிக்கு ஜி.பி.ஏ. என்று பெயர். மூன்று பருவங்களில் 48 யூனிட்டுக்கு 3.75 வைத்திருப்பவர், கடைசி 12 யூனிட்டிலும் ‘சி’யே வாங்கினாலும் மொத்தச் சராசரி 3.4க்குக் கீழே இறங்காது. இந்தக் கணக்கை அவர் காபிக் கடையின் காகிதக் கைக்குட்டையில் போட்டுக் காட்டுவார். அந்தப் பருவத்தில் அவர் பிழையின்றிச் செய்து முடித்த ஒரே கணக்கு அதுவாக இருக்கும்.

உரை என்பது பெரியோர் வாக்கு. சென்ற ஆண்டு அதே பாதையில் போன ஒருவர், சமுதாயக் கல்லூரியின் யூனிட்டுகள் மட்டுமே பல்கலைக்கழகத்துக்கு உடன் வரும், கிரேடுப் புள்ளிகள் வாசலிலேயே நின்றுவிடும், அங்கே ஜி.பி.ஏ. புதிதாகத் தொடங்கும் என்று சொல்லிப் போயிருப்பார். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை இது முழு உண்மை. பிற்காலத்தில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் பழைய பட்டியல்கள் அனைத்தையும் கேட்பார்கள் என்ற பின்குறிப்பை மட்டும் அப்பெரியவர் சொல்லாமல் விட்டிருப்பார்.

மூன்று அளவைகளிலும் பொய் இல்லை. ஆயினும் முடிவு தவறு. காரணம், உரை அளவையில் தலையாயது எதுவோ அதை அவர் படிக்கவே இல்லை. வாழ்த்துச் செய்தியோடு சேர்க்கை நிபந்தனைகள் என்றொரு ஆவணமும் வந்திருந்தது. அவர் அதைத் திறந்தார், விரலால் ஒரே தள்ளாகத் தள்ளி அடிக்குப் போனார், ‘படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் குறியிட்டார். இவ்வளவும் நடந்து முடிய நான்கு விநாடி ஆகியிருக்கும். அவர் தள்ளிவிட்ட பக்கங்களில், அது நிபந்தனைக்கு உட்பட்ட சேர்க்கை என்றும், விண்ணப்பத்தில் குறித்த பாடங்களைக் குறித்தபடியே முடிக்க வேண்டும் என்றும், ‘டி’யும் ‘எஃப்’பும் கூடாது என்றும், எந்தப் பாடத்தைக் கைவிட்டாலும் உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. காகிதக் கைக்குட்டைக் கணக்கை உடைக்கும் வரியும் அங்கேதான் இருந்தது: பார்க்கப்படுவது மொத்தச் சராசரி மட்டும் அன்று, அந்த ஒற்றைப் பருவத்தின் சராசரியும் ஆகும். சில வளாகங்கள் அதற்கு 2.0 போதும் என்கின்றன, சில 3.0 கேட்கின்றன. 3.4ஐக் காட்டிப் பெருமைப்பட்டவரின் நான்காம் பருவச் சராசரி 2.0 மட்டுமே என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் கவனித்திருப்பார்கள்.

இவ்வினத்தில் உட்பிரிவுகளும் உண்டு. முதலாவது விலகியார்: இவர் தோல்வியைத் தழுவுவதற்குப் பதில், பாடத்திலிருந்து விலகி மதிப்பெண் பட்டியலில் ‘டபிள்யூ’ என்ற எழுத்தைப் பெற்றுக்கொள்பவர், அந்த எழுத்து சராசரியைத் தொடுவதில்லை என்பதில் மகிழ்ந்து, அதனால் தம் யூனிட் 60இலிருந்து 57க்கு இறங்கியதைக் கவனியாதவர். இரண்டாவது கோடையார்: வசந்த காலத்துப் பாடத்தைக் கோடை வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர், சேர்க்கைக்குத் தேவையான பாடங்கள் வசந்தத்துக்குள்ளேயே முடிய வேண்டும் என்பது இவருக்கு ஜூன் மாதத்தில் தெரியவரும் செய்தி. வேலை நேரம் மாறியதாலோ, வீட்டில் நோய் வந்ததாலோ இடறியவர்கள் இவ்வினத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்கள் பெரும்பாலும் நிபந்தனையைப் படித்திருப்பார்கள், பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே எழுதியும் இருப்பார்கள். அப்படி எழுதியவருக்கு வழி ஏதேனும் பிறக்கவும் கூடும்.

கடைசிப் பருவத்தார் மறையும் நாள், தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அமைகிறது. வேறு ஏதோ கையெழுத்துக்காக ஆலோசகரின் அறைக்குப் போகிறவரிடம், “நிபந்தனைக் கடிதம் கையில் இருக்கிறதா?” என்று ஆலோசகர் கேட்டுவிடுகிறார். கைபேசித் திரையில் அந்த ஆவணம் முதன்முறையாக மெல்ல நகர்கிறது, மூன்றாம் பத்தியில் விரல் நிற்கிறது, ஸ்வெட்டருக்குள் வியர்க்கிறது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையை ஆலோசகர் அறிந்திருக்க நியாயமில்லை; ஆனால் உடைந்த தாழிகளை ஆண்டுதோறும் பார்த்தவர் என்பதால், எந்தப் பாடத்தில் இன்னும் எத்தனை மதிப்பெண் மிச்சம் என்று கேட்கத் தொடங்குகிறார். அன்று மாலை முன்வரிசையில் ஒரு நாற்காலி நிரம்புகிறது. பிளாஸ்டிக் உறையிலிருந்து தாள் வெளியே வருகிறது. அதில் அனைத்தும் சிவப்பாகிறது.

பிறகு நடப்பது வீர வரலாறு. விட்டுப்போன ஒப்படைப்புகளைக் கெஞ்சிக் கொடுத்து, இரவுகளைப் பகலாக்கி, நுண்கணிதத்தில் ‘டி’யாகப் போகவிருந்ததை ‘பி’யாக்கி, பருவச் சராசரியை 3.0க்கு மேலே ஏற்றிவிடுகிறார். எஞ்சியிருப்பது, ஜூலை 1ஆம் தேதிக்குள் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் செய்யும் ஒரு காரியம் மட்டுமே. இதைச் சின்னக் காரியம் என்று எண்ணலாகாது; 2017ஆம் ஆண்டுக் கோடையில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகம் ஏறத்தாழ 500 பேரின் சேர்க்கையைத் திரும்பப் பெற்று, எதிர்ப்புக் கிளம்பியபின் பலருக்கு அதை மீட்டுக் கொடுத்தபோது, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மீது சொல்லப்பட்ட குறை மதிப்பெண்ணைப் பற்றியதன்று, பட்டியல் உரியபடி வந்து சேராதது பற்றியதுதான்.

திருந்திய நாயகர் இம்முறை ஒரு நாளும் தாமதிப்பதில்லை. தேர்வு முடிந்த அன்று இரவே கோரிக்கைப் படிவத்தைத் திறக்கிறார். அதில் இரண்டு கட்டங்கள் உள்ளன: ஒன்று, மதிப்பெண் ஏறும்வரை நிறுத்தி வைத்து அனுப்புக, மற்றொன்று, உடனே அனுப்புக. அவர் சுறுசுறுப்பின் உச்சத்தில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, கட்டணத்தையும் கட்டிவிடுகிறார். பட்டியல் மறுநாளே போய்ச் சேர்கிறது. அதில் மூன்று பருவங்களின் கிரேடுகள் பளிச்சென்று இருக்க, நான்காம் பருவத்துக்கு எதிரே ‘நடைபெறுகிறது’ என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. ஏப்ரல் முதல் அவர் போதித்துவந்த சூத்திரம் இவ்வாறு நிறைவேறுகிறது. கடைசிப் பருவத்து மதிப்பெண்ணை உண்மையிலேயே எவரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் தம்மைச் சேர்க்க இயலாது என்று பல்கலைக்கழகம் ஜூலையில் எழுதும் கடிதத்தை அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு முறை படிக்கிறார்.