எல்லை தாண்டிய சிஸ்டர்

மூணாறு தோட்டத்துப் பெண்கள் போடிமெட்டு இறங்கித் தேனிக்கும், கொழிஞ்சாம்பாறைப் பெண்கள் வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்கும் நர்சிங் படிக்கப் போகிறார்கள். காய்ச்சல் எல்லை பார்ப்பதில்லை, கவுன்சில் பார்க்கும். தமிழ்நாட்டில் பதிந்தவர் ஊர் திரும்பி வேலை பார்க்க, கேரள நர்சிங் கவுன்சிலிலும் பதிய வேண்டும்.

படிப்பின் நடுவில் கிளினிக்கல் போஸ்டிங் என்றொரு அவதாரம். வார்டில் ஆள் குறைந்தால், "நீயும் ஸ்டாஃப் மாதிரிதானே!" சந்தேகம் கேட்டால், "ஸ்டூடண்டுக்கு எதற்கு இவ்வளவு கேள்வி?" படுக்கை விரிப்பதில் மட்டும் முனைவர் பட்டத்துக்கு நிகரான பயிற்சி கிடைத்துவிடும்.

அப்புறம் சம்பளம். பல போராட்டங்களுக்குப் பிறகு 2018 ஏப்ரலில், தனியார் மருத்துவமனை நர்ஸுக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று கேரள அரசு ஆணையிட்டது. ராத்திரி டியூட்டியில் நர்ஸ் ஓடாத வேகத்தில் நிர்வாகங்கள் நீதிமன்றத்துக்கு ஓடின.

ஆகவே தங்கச்சிகளே, வேலையில் சேரும்முன் மூன்றைக் கேளுங்கள்: அசல் சான்றிதழை யார் வைத்துக்கொள்வார்கள், பாண்ட் உண்டா, ராத்திரியில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? பதிலுக்கு "இங்கே எல்லோரும் ஒரே குடும்பம்" என்றால் எழுந்து வாருங்கள். குடும்பத்தில் யாரும் சம்பளம் தருவதில்லை.